தூண்களும் துடுப்புகளும்

பழைய கட்டடங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், படித்தவர்கள் எல்லோரும் உடனே தலையாட்டி விடுகிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் இப்படி எல்லோரும் ஒருமனதாகத் தலையாட்டுகிற விஷயங்களில்தான் எனக்குச் சந்தேகம் பிறக்கிறது. ஒரு கட்டடத்தைக் காப்பாற்றும்போது நாம் உண்மையில் எதைக் காப்பாற்றுகிறோம்? கல்லையும் காரையையுமா? திறப்பு விழாவுக்கு வந்த கவர்னரின் பெயரையா? அல்லது அந்தக் கல் அந்த இடத்துக்கு வந்து சேரக் காரணமாயிருந்த கைகளின் நினைவையா? இந்தக் கேள்வியைக் கேட்காமல், வெள்ளையடித்து, சலவைக்கல்லில் பெயர் பொறித்து, விளக்கும் போட்டுவிட்டால், அதற்குப் பழமையைப் போற்றுதல் என்று பெயரில்லை. கிழவிக்கு மஞ்சள் பூசிக் கல்யாணப் பந்தலில் உட்கார வைத்த கதைதான் அது.

வடசென்னையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் அவர்கள் மயிலாப்பூருக்கு அழைத்துப் போவார்கள். மெரினாவில் சுண்டல் வாங்கிக் கொடுப்பார்கள். மறுநாள் மாமல்லபுரத்துக்குக் காரில் கிளம்பி விடுவார்கள். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்ற பெயர்களைக் கேட்டாலே அவர்களுடைய கை தானாகவே மூக்குக்குப் போகும். அவர்களில் கொஞ்சம் தாராள மனம் படைத்தவர்கள் மட்டும், "ஏன், ராயபுரம் ஸ்டேஷன் இருக்கிறதே! எவ்வளவு அழகாகப் புதுப்பித்திருக்கிறார்கள்!" என்பார்கள். அந்த அழகைப் பற்றித்தான் இங்கே நான் வழக்காட வந்திருக்கிறேன்.

ராயபுரம் ஸ்டேஷன் அழகான கட்டடம் என்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. 1853-இல் பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் ரயில் ஓடியது. அடுத்த ஆண்டு ஹௌராவிலிருந்து ஓடியது. அந்த இரண்டு ஊர்களிலும் முதல் ரயில் புறப்பட்ட கட்டடங்கள் இன்று இல்லை. தென்னாட்டின் முதல் ரயில் 1856 ஜூலை மாதம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடத் தொடங்கியது. அது புறப்பட்ட கட்டடம் மட்டும் இன்றைக்கும் நிற்கிறது. அந்த வகையில் இந்தத் துணைக்கண்டத்தில் இன்னும் நிலைத்திருக்கும் ரயில்வே ஸ்டேஷன்களில் மிகப் பழமையானது இதுதான். 1873-இல் சென்ட்ரல் ஸ்டேஷன் வந்த பிறகு இதன் செல்வாக்குப் படிப்படியாகக் குறைந்தது. செல்வம் போன வீட்டில் ஓடு சரிவது போல இங்கேயும் ஒவ்வொன்றாகச் சரிந்தன. 2005-இல் அதைப் புதுப்பித்தார்கள். உயரமான தூண்கள் மறுபடியும் நிமிர்ந்து நின்றன. புதுப்பித்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், நானும் சொல்லுகிறேன்.

ஆனால் அந்தத் தூண்களைப் பார்த்து வியந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் என்ன கதையைச் சுமந்துகொண்டு திரும்புகிறார்கள்? ஹாரிஸ் பிரபு என்ற கவர்னர் வந்தார், திறப்பு விழா ரயிலில் அவரும் முந்நூறு ஐரோப்பியர்களும் ஏறினார்கள், ரயில் கிளம்பியது. இவ்வளவுதான் கதை. ஏறியவர்கள் யார் என்று தெரிகிறது. அந்த ரயிலும் தண்டவாளமும் கடல் தாண்டி வந்து ராயபுரம் மண்ணில் எப்படி இறங்கின என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

வாசகர்கள் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்க வேண்டும். 1856-இல் சென்னையில் துறைமுகம் கிடையாது. கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலமே 1861-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் இங்கிலாந்திலிருந்து வந்த கப்பல் ஒவ்வொன்றும் கரையிலிருந்து வெகு தூரத்தில், நடுக்கடலில் நங்கூரம் பாய்ச்சி நின்றது. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சென்னையின் பேர்போன அலை. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வரிசை சுருண்டு விழும் அந்த அலைகளில் ஆணியடித்த ஐரோப்பியப் படகு அகப்பட்டால் தேங்காய் உடைவது போல உடைந்துவிடும். ஆகவே கவர்னர் ஆனாலும் சரி, கவர்னருடைய மனைவியின் பியானோ ஆனாலும் சரி, ரயில்வேக்கு வேண்டிய இரும்பு ஆனாலும் சரி, அலையைத் தாண்டிக் கரையேற வேண்டுமானால் உள்ளூர்ப் படகோட்டியின் தயவு வேண்டும்.

அந்தப் படகுக்கு மசூலாப் படகு என்று பெயர். அதில் ஓர் இரும்பு ஆணிகூட இருக்காது. பலகையைப் பலகையோடு தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். இடுக்கில் நாரைத் திணித்திருப்பார்கள். துணி தைப்பது போலப் படகு தைத்தார்கள் என்றால் இன்று நகைப்பாக இருக்கும். ஆனால் அந்தத் தையலில்தான் சூட்சுமம் இருந்தது. அலை வந்து மோதும்போது பலகைகள் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும்; அடிவயிறு தரையில் இடித்தாலும் பிளந்து போகாது. பின்னால் ஒருவன் நீண்ட துடுப்பைப் பிடித்துத் திசை பார்ப்பான். முன்னால் பத்துப் பேர் வரையில் ஒரே குரலில் பாட்டெடுத்துத் துடுப்புப் போடுவார்கள். எந்த அலையை விட்டுக்கொடுப்பது, எந்த அலையின் முதுகில் ஏறுவது என்று தீர்மானிப்பதற்கு அவர்களுக்கு ஒரு மூச்சு நேரந்தான் கிடைக்கும். படகு கவிழ்ந்தால் விழுந்தவர்களைத் தூக்குவதற்குப் பக்கத்திலேயே கட்டுமரங்கள் வரும். 1639-இல் கும்பெனிக்காரர்கள் இந்தக் கரையில் கால் வைத்த நாள் முதல் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக, சென்னைக்கு இருந்த ஒரே துறைமுகம் இந்த மனிதர்களுடைய தோள்கள்தாம்.

அவர்களுக்குக் கிடைத்தது என்ன? கரை சேரும்வரை அவர்களைத் தெய்வமாக நினைத்த வெள்ளைக்காரப் பிரயாணிகள், கரை சேர்ந்ததும் கூலி அதிகம் கேட்கிறார்கள் என்று குறிப்புப் புத்தகத்தில் திட்டி எழுதினார்கள். சர்க்கார் அவர்களுக்குச் சட்டம் போட்டது. அவர்களோ தங்கள் காசைச் சேர்த்து ராயபுரத்தில் ஒரு கோவில் கட்டினார்கள். ராயப்பர் என்று தமிழில் வழங்கும் புனித பீட்டர் வலை வீசிப் பிழைத்தவர். அந்த மீனவரின் பெயரால்தான் ராயபுரம் என்ற பெயரே வந்தது என்று சொல்லுவார்கள். மூன்றாண்டு நான்காண்டுகளுக்கு ஒரு கவர்னர் வந்து போனார். ஊருக்குப் பெயர் கொடுத்தவர்கள் படகோட்டிகள். ஆனால் தூண்களுக்கு வர்ணம் அடித்தபோது அந்தத் துடுப்புகளை நினைத்தவர்கள் எத்தனை பேர்?

நான் கேட்பது அதிகம் என்று சிலர் நினைக்கலாம். கட்டடத்தைப் புதுப்பிக்கிறவனிடம் போய்க் கூலியாளின் சரித்திரத்தைக் கேட்பது முறையா என்று கேட்கலாம். முறைதான். பூமியின் மறுபக்கத்தில், கரீபியன் கடலில், ஆன்டிகுவா என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. ஒரு காலத்தில் கரும்புத் தோட்டங்களுக்காகவே வெள்ளையர்கள் வைத்திருந்த தீவு. 1720-களிலிருந்து பிரிட்டிஷ் கடற்படை அங்கே ஒரு கப்பல் பட்டறையைக் கட்டி எழுப்பியது. 1784-லிருந்து மூன்று ஆண்டு காலம் நெல்ஸன் என்ற இளம் கப்பல் தளபதி அங்கே இருந்தார். அந்த இடத்தின் மேல் அவருக்குப் பிரியமே இருந்ததில்லை. 1889-இல் கடற்படை பட்டறையைக் கைவிட்டுப் போயிற்று. புயலும் பூகம்பமும் தின்றது போக மிச்சமிருந்ததை 1951-லிருந்து பழுது பார்த்து, 1961-இல் பொது ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதற்கு 'நெல்ஸன் கப்பல் பட்டறை' என்ற பெயரும் நிலைத்தது. மூன்றாண்டு சலிப்போடு இருந்தவருடைய பெயர் வாசலில் நின்றது. கல்லுடைத்து, சுமந்து, அடுக்கி, காய்ச்சலில் செத்த ஆப்பிரிக்க அடிமைகளின் பெயர் எங்கேயும் இல்லை. நம் ராயபுரத்துக் கதையேதான்!

ஆனால் கதை அங்கே நின்றுவிடவில்லை என்பதுதான் முக்கியம். தீவு 1981-இல் சுதந்தரம் அடைந்தது. 2016-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் அந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டபோது, பட்டியலில் 'ஆன்டிகுவாவின் கடற்படைப் பட்டறை' என்றுதான் எழுதினார்கள்; நெல்ஸனின் பெயர் அதில் இல்லை. தலைமுறை தலைமுறையாக அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்கர்கள் இல்லாவிட்டால் இந்தக் கட்டடங்கள் எழுந்தே இருக்க முடியாது என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். அது மட்டுமல்ல. அந்தப் பட்டறை இன்றும் வேலை செய்கிறது. அங்கே இன்றும் படகுகள் வந்து கட்டுகின்றன, பழுது பார்க்கப்படுகின்றன. ஒரு லட்சம் ஜனத்தொகைகூடத் திடமாகத் தேறாத தீவு தன் கற்களுக்குப் பின்னால் இருந்த கைகளை அங்கீகரிக்க முடிந்தது. சங்க காலத்திலிருந்து கடலோடிகள் என்று மார்தட்டிக்கொள்ளும் நமக்கு அது முடியாதா?

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். ஏனென்றால் ராயபுரத்தில் நினைவு மட்டும் காணாமற் போகவில்லை. தரையே காணாமற் போயிற்று.

1875 வாக்கில் சென்னைக்கு ஒரு செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். கரையிலிருந்து இரண்டு கைகளை நீட்டினாற்போலக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்களைக் கட்டினார்கள். வேலை முடியப் போகும் தறுவாயில், 1881 நவம்பரில் வந்த புயல் அந்தக் கைகளை முறித்துப் போட்டது. மறுபடியும் கட்டினார்கள். இப்போது வேறொரு பகைவன் வந்தான். அவனுக்கு ஓசை கிடையாது. அவன் பெயர் மணல். நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டின் பெரும் பகுதி, அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் திசை மாறும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். நடுவே சுவர் எழுப்பினால் என்ன ஆகும்? தெற்கே மணல் குவியும். வடக்கே வரவேண்டிய மணல் வராது. ஆனால் இருக்கிற மணலை அலை வழக்கம்போல எடுத்துக்கொண்டு போகும். வரவு நின்று செலவு மட்டும் நடக்கிற குடும்பம் எத்தனை நாள் தாங்கும்?

இது அதிகாரிகளுக்குத் தெரியாமல் நடந்ததல்ல. கிழக்கே பார்த்திருந்த துறைமுகத்தின் வாய் மணலால் தூர்ந்து வந்தது. 1904-இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாயை அடைத்துவிட்டு, வடகிழக்கே புதிய வாய் திறந்து துறைமுகத்தைக் காப்பாற்றினார். கப்பலுக்கு மணலால் இடைஞ்சல் என்றதும் கண் திறந்தது. ராயபுரத்துக் குடிசைக்கு மணல் இல்லாமல் இடைஞ்சல் என்றபோது அந்தக் கண் அவ்வளவு சுலபமாகத் திறக்கவில்லை.

தெற்கே குவிந்த மணல் எங்கே என்று கேட்கிறீர்களா? அதன்மேல்தான் நாம் மாலை வேளைகளில் காலாற நடக்கிறோம். கோட்டைச் சுவரின் அருகே அலை வந்து அடித்த காலம் ஒன்று உண்டு. துறைமுகச் சுவர் வந்த பிறகு கடல் அங்கே பின்வாங்கிப் பின்வாங்கி, இன்றைய அகன்ற மெரினா பிறந்தது. 1884-இல் கிராண்ட் டஃப் கவர்னர் அந்தக் கரையோரம் உலாவும் சாலை அமைத்து, இத்தாலிய நினைவில் 'மெரினா' என்று பெயரும் சூட்டினார். கவிஞர்கள் பாடினார்கள், கதாசிரியர்கள் தங்கள் காதலர்களை அங்கே உட்கார வைத்தார்கள், நானும் உட்கார வைத்திருக்கிறேன். அதே ஆண்டுகளில் வடக்கே ராயபுரத்தில் கடல் ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. மெரினாவில் விரிந்து கிடக்கும் மணலில் ஒரு பங்கு, வடக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணல். வழியில் மறித்து வைத்துக்கொண்ட சொத்து அது.

சென்ற வருஷம் காசிமேட்டுக்கு அருகே, கருங்கல் கொட்டிய கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"பெரியவரே, உங்கள் சொந்த ஊர் எது?" என்றேன்.

"இதான் சார்."

"பரம்பரையாக இங்கேதானா?"

"எங்க தாத்தா ஊடு அதோ இருந்திச்சு" என்று கையை நீட்டினார்.

அவர் கை காட்டிய திக்கில் வீடு ஏதும் இல்லை. கடல்தான் இருந்தது. அலை உடைந்து நுரைத்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் புகாராகச் சொல்லவில்லை. விலாசம் சொல்வது போலச் சொல்லிவிட்டு மறுபடியும் வலையில் குனிந்துகொண்டார்.

கடல் ஊருக்குள் வந்ததும் சர்க்கார் என்ன செய்தது? லாரி லாரியாகக் கல்லைக் கொண்டு வந்து கரையில் கொட்டியது. ராயபுரத்தில் கொட்டியதும் அலை அடுத்த ஊரை அரித்தது. அங்கேயும் கொட்டினார்கள். இப்படியே கல்லும் அரிப்பும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர்ப் பக்கம் போய்விட்டன. பின்னாளில் தூண்டில் வளைவுகளும் வந்தன. ஒரு வளைவின் தெற்கே கொஞ்சம் மணல் சேரும். அதன் வடக்கே இருப்பவன் கண்ணீர் விடுவான். திருவொற்றியூரில்தான் பட்டினத்தார் சமாதி கொண்டிருக்கிறார். கப்பல் வாணிபக் குடும்பத்தில் பிறந்து, எல்லாவற்றையும் உதறிவிட்டு, இந்தக் கடற்கரைதான் கடைசி இடம் என்று வந்து சேர்ந்தவர் அவர். அவர் தாமாகத் துறந்தார். அவர் கோவிலுக்குப் பக்கத்துக் குப்பத்து ஜனங்களோ துறவிகள் ஆக்கப்பட்டார்கள். அவர்களுடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

இப்போது எதிர்க்கட்சி வக்கீல் எழுந்திருப்பார். "அப்படியானால் துறைமுகமே வேண்டாம் என்கிறீரா? மறுபடியும் மசூலாப் படகில் ஏறச் சொல்லுகிறீரா?" என்பார். இல்லை ஐயா. துறைமுகம் வேண்டும், கப்பல் வேண்டும், இறக்குமதியாகும் மருந்தும் இயந்திரமும் எனக்கும் வேண்டும். துறைமுகத்தால் வந்த லாபத்தை ஊர் முழுவதும் பங்கு போட்டுக்கொண்டபோது நஷ்டத்தை மட்டும் ஏன் ஒரே தெருவின் தலையில் கட்டினீர்கள் என்றுதான் கேட்கிறேன். தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே கொண்டு போய்ச் சேர்ப்பது ஒன்றும் ஆகாத காரியமல்ல. பல தேசங்களில் செய்கிறார்கள். செலவாகும். ஆகட்டுமே! மணலை மறித்த சுவருக்குச் செலவு செய்யவில்லையா?

இன்னொருவர், "வயிற்றுக்குப் பாடுபடும் மீனவனுக்குச் சரித்திரம் எதற்கு? சோற்றுக்கு வழி சொல்லுங்கள்" என்பார். கேட்பதற்கு இரக்கம் போலத் தோன்றும் இந்தப் பேச்சைத்தான் நான் மிகவும் வெறுக்கிறேன். சரித்திரம் தெரியாதவனிடம் நீ ஆக்கிரமிப்பாளன் என்று சொல்வது எளிது. நேற்று வந்து கடற்கரையில் குடிசை போட்டவன் என்று சொல்லி எழுப்பிவிடலாம். இந்த ஊருக்கு வந்த இரும்பையெல்லாம் என் முப்பாட்டன் கரையேற்றினான் என்று தெரிந்தவனை அவ்வளவு சுலபமாக எழுப்ப முடியாது. சரித்திரம் அவனுக்குப் பட்டா. அதனால்தான் அதை அவன் கையில் கொடுக்க யாருக்கும் அவசரமில்லை.

ஆபத்து வரும்போது மட்டும் அவனுடைய நினைவு வருகிறது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது, இத்தனை பெரிய துறைமுகங்களை அருகே வைத்துக்கொண்டு, மனிதர்கள் வாளியால் எண்ணெயை அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, அள்ளுவதற்கு இறங்கியவர்களில் முன்னால் நின்றவர்கள் அந்த மீனவர்கள்தாம். அவர்களுடைய படகுகளே கறுத்துப் போயின. நல்ல காலத்தில் தூண், கெட்ட காலத்தில் துடுப்பு. இதுதான் நம் வழக்கம்.

இதையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2001-இல் எண்ணூரில் புதிய துறைமுகம் வந்தது. அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளியில் இன்னொரு துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும் எழுந்திருக்கின்றன. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் கப்பல் ஒன்று முதன்முறையாக இந்தியாவுக்குப் பழுது பார்க்க வந்ததே, அது வந்து நின்ற இடம் அந்தக் காட்டுப்பள்ளிதான். பெருமைப்படலாம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை மேலும் பல மடங்கு விரிவாக்க வேண்டும் என்ற திட்டமும், அதற்குச் சுற்றுவட்டார மீனவர்களின் எதிர்ப்பும் பல ஆண்டுகளாக நடந்து வருகின்றன. அந்தக் கரைக்கு வடக்கே கடலுக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் நடுவே இருப்பது ஒடுங்கிய ஒரு மணல் திட்டு. ராயபுரத்தில் கடல் தின்றது தெருக்களை. அங்கே தின்னத் தொடங்கினால் ஓர் ஏரியையும் அதை நம்பியிருக்கும் ஊர்களையும் சேர்த்துத் தின்னும். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய என்ஜினீயர்கள் செய்துவிட்டுப் பிறகு கண்டுபிடித்தார்கள். நமக்கு ராயபுரம் கண் முன்னால் இருக்கிறது. தெரிந்தே செய்வதற்குப் பெயர் வேறு.

ஆகவே புதுப்பிக்கும் பணியில் இருக்கும் கனவான்களுக்கு என் விண்ணப்பம் இது. ராயபுரம் ஸ்டேஷனை அருங்காட்சியகப் பொம்மையாக்கிப் பூட்டிவிடாதீர்கள். பழைய கட்டடத்துக்கு மரியாதை அதற்கு வேலை கொடுப்பதுதான். மின்சார ரயிலுக்குக் காத்திருக்கும் மீன்காரியும் ஆலைத் தொழிலாளியும் அந்தத் தூண்களின் நிழலில் உரிமையோடு உட்காரட்டும். கவர்னர் பெயர் இருக்கும் சுவரில், ரயிலுக்கான இரும்பை அலை தாண்டிக் கொண்டுவந்த படகோட்டிகளைப் பற்றியும் தமிழில் எழுதுங்கள். கயிற்றால் தைத்த ஒரு படகைச் செய்து அங்கே வையுங்கள். தைப்பதற்கு அந்தக் குப்பத்துக் கைகளையே அழையுங்கள். பழைய கரை எங்கே இருந்தது என்பதை ஊரில் அடையாளமிட்டுக் காட்டுங்கள். மெரினாவிலும் ஒரு பலகை வையுங்கள்: இந்த மணல் எப்படி வந்தது, யாருக்கு வராமற் போனது என்று. காற்று வாங்க வருகிறவர்கள் படித்துவிட்டுப் போகட்டும். கொஞ்சம் உறுத்தினால் நல்லதுதான்.

கடைசியாக, காட்டுப்பள்ளியில் அடுத்த கல்லைக் கடலில் போடுவதற்கு முன்னால், அதன் வடக்கே குடியிருப்பவனை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, மணல் கணக்கைப் பாருங்கள். எத்தனை மணல் நிற்கும், எத்தனை கரை போகும், போனதை யார் எப்படித் திருப்பித் தருவது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்தக் கணக்குக்குச் சம்மதிக்காதவர்கள் ராயபுரத்துத் தூண்களுக்கு எத்தனை முறை வர்ணம் அடித்தாலும், பழமையின் மேல் பற்றுடையவர்கள் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு உரிமை கிடையாது.